கிரெடிட் கார்டு பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ்: பதில் போடுவதா, சும்மா இருப்பதா?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் நான். 2022 கடைசியில் ஆர்டர் குறைந்து எங்கள் லைனையே நிறுத்திவிட்டார்கள். அப்போது ஒரு வங்கியின் கிரெடிட் கார்டும் ஆப் மூலம் வாங்கிய ஒரு பர்சனல் லோனும் கையில் இருந்தன. கார்டுக்குக் கடைசியாகக் கட்டியது 2022 டிசம்பர். ஆப் லோனுக்கு 2024 பாதி வரை முடிந்தபோதெல்லாம் கட்டினேன், அதற்குமேல் முடியவில்லை. கார்டில் எடுத்தது 80 ஆயிரம் போல, இப்போது கேட்பது 2 லட்சத்துக்கு மேல்.

போன வாரம் டெல்லி வக்கீல் ஒருவர் பெயரில் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் வந்தது, கார்டு பாக்கிக்கு. 15 நாளில் கட்டாவிட்டால் சிவில், கிரிமினல் நடவடிக்கை என்று போட்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப், மேலே தராசுப் படம், சிவப்பு எழுத்தில் 'அரெஸ்ட் வாரன்ட்'. கலெக்‌ஷன் ஆள் தினமும் கூப்பிட்டு, "அண்ணா, ஒரு 500 ரூபாய் மட்டும் இன்னைக்கு போடுங்க, கேஸ் போகாம நான் நிறுத்தி வைக்கிறேன்" என்கிறார். அம்மா பயந்துபோய்ச் சாப்பிடவே மாட்டேன் என்கிறார். நோட்டீஸுக்குப் பதில் போட வேண்டுமா? அந்த 500-ஐக் கட்டிவிடலாமா?

ஏரிக்கரை:

ஒன்றும் செய்ய வேண்டாம் நண்பா. எனக்கு இந்த மாதிரி எத்தனையோ வந்துவிட்டன, எல்லாம் கிழித்துப் போட்டாயிற்று. இரண்டு லட்சத்துக்கெல்லாம் டெல்லியிலிருந்து வந்து கேஸ் போட மாட்டார்கள். சிம்மை மாற்றுங்கள், நிம்மதியாக இருங்கள்.

மதுரைக் குமாஸ்தா:

ஏரிக்கரை சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள் தம்பி. வக்கீல் ஆபீஸில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் வக்கீல் இல்லை. இந்த மாதிரிக் கடன்களில் ஜனங்கள் தோற்பது வாதத்தில் இல்லை, வராமல் இருப்பதில்தான். சம்மன் வந்ததைக் கவனிக்காமல் விட்டு, எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது இவர்கள் இல்லாமலே வழக்கு முடிந்து, கேட்ட தொகை மொத்தத்துக்கும் டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) ஆன பிறகு ஓடி வருவார்கள். அப்போது செலவும் அதிகம், வழியும் குறைவு.

முதலில் கையில் இருப்பது எந்தக் காகிதம் என்று பிரித்துப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிய கடிதம், அவ்வளவுதான். கோர்ட் சம்மன் வேறு. அதில் கோர்ட் முத்திரை இருக்கும், ஓ.எஸ். நம்பர் (சிவில் வழக்கு எண்) இருக்கும், எந்தத் தேதியில் ஆஜராக வேண்டும் என்று இருக்கும், பிராதின் (வழக்கு மனுவின்) நகல் இணைத்திருக்கும். கோர்ட் ஊழியர் நேரில் கொண்டுவந்து கையெழுத்து வாங்குவார், இல்லை கோர்ட் அனுப்பியதாகவே தபாலில் வரும். வாட்ஸ்அப்பில் வந்த 'அரெஸ்ட் வாரன்ட்' இந்த இரண்டும் இல்லை. கடன் பாக்கிக்காகக் கலெக்‌ஷன் கம்பெனி வாரன்ட் போட முடியாது, அது கோர்ட் மட்டும் பிறப்பிப்பது. அதை அழிக்காதீர்கள், வந்த நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் புகார் கொடுக்க உங்களுக்குத்தான் உதவும்.

தபால்காரர் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்து அனுப்பினால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், உள்ளே என்ன இருந்தது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் போகும். அந்த 500 பற்றி இரவு எழுதுகிறேன், அதுவரை கட்டாதீர்கள்.

செந்நெல்:

ஏரிக்கரை, சிம்மை மாற்றினால் சம்மன் பழைய விலாசத்துக்குத்தான் போகும். அங்கே யாரும் இல்லை என்றால் கதவில் ஒட்டுவார்கள், பேப்பர் விளம்பரம் கொடுப்பார்கள், அதோடு சேர்ந்ததாகக் கணக்கு. என் சித்தப்பா வீட்டில் நடந்தது. வீடு மாறியவர் வங்கிக்குச் சொல்லவில்லை, தீர்ப்பாகி சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி அவர் ஆபீஸுக்கு ஆர்டர் வந்த அன்றுதான் வழக்கு இருந்ததே அவருக்குத் தெரியும்.

மதுரைக் குமாஸ்தா:

சொன்னபடி 500 ரூபாய் விஷயம். இதைத்தான் எல்லோரும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

1963-ம் வருட காலவரம்புச் சட்டப்படி இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம். பொதுவாகக் கடைசியாகக் கட்டிய தேதி அல்லது தவணை தவறிய தேதியிலிருந்து எண்ணுவார்கள். உங்கள் கார்டுக்கு 2022 டிசம்பர் என்றால், இப்போது 2025 நவம்பர், அடுத்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. நோட்டீஸ் அனுப்பியதால் அந்தக் கணக்கு நிற்காது, கோர்ட்டில் பிராது தாக்கல் செய்தால்தான் நிற்கும். அந்த ஆள் ஏன் இந்த நேரத்தில் வெறும் 500 கேட்கிறார் என்று யோசியுங்கள். காலவரம்பு முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், 18-வது பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். பகுதிப் பணம் கட்டி அது உங்கள் எழுத்திலோ கையெழுத்திலோ பதிவானால் 19-வது பிரிவின்படி அதே விளைவு. ஜிபேயில் போட்டது அந்தக் கணக்கில் வருமா வராதா என்று வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதத்துக்கு நீங்கள் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? 'இந்த மாதக் கடைசியில் கட்டிவிடுகிறேன்' என்று மெயில், மெசேஜ் எதுவும் அனுப்பாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. காலவரம்பு முடிந்த பிறகு 'கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டம் 25(3)-ன்படி அது புதிய ஒப்பந்தமாகவே செல்லும். செத்த கடனுக்கு நீங்களே உயிர் கொடுத்த மாதிரி ஆகும். அதனால் வீட்டுக்கு வந்து 'சும்மா ஒரு கையெழுத்து' என்று எவர் கேட்டாலும் போடக் கூடாது.

பல்லவபுரம்:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம். வாங்கிய பணம் வாங்கிய பணம்தான். மூன்று வருடம் ஒளிந்திருந்து தப்பிப்பதைச் சொல்லிக் கொடுப்பது சரியா? வங்கியில் இருப்பதும் நம்மைப் போன்றவர்கள் போட்ட டெபாசிட்தானே.

கொங்குத் தமிழச்சி:

பல்லவபுரம் சார், ஒளிந்திருக்கச் சொல்லி இங்கே யாரும் சொல்லவில்லை, ஏரிக்கரை தவிர. 80 ஆயிரம் எப்படி 2 லட்சமானது என்று கணக்குக் கேட்பது ஏமாற்று இல்லை. கட்டுவதானால் முழுக்கணக்கைப் பார்த்து, ஒரு தொகை பேசி, எழுத்தில் வாங்கிக் கட்டட்டும். 500 ரூபாயைப் பயத்தில் போடுவது கடனையும் அடைக்காது, இவரையும் காப்பாற்றாது.

ஆனால் நொய்யல்கரை, வட்டி அநியாயம் என்று கோர்ட்டில் சொன்னால் குறைத்துவிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். கார்டு வட்டி 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. வங்கி வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காகக் கோர்ட் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே 21ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கணக்குப் பிழை, நீங்கள் கட்டியதை வரவு வைக்காதது, ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணம், இவற்றைத்தான் தேட வேண்டும்.

மஞ்சள்பை:

குமாஸ்தா ஐயா, என்னுடையது 2019 லோன். 2020 ஜனவரி 10 வாக்கில் தவணை நின்றது, அதற்குப் பிறகு ஒரு பைசா கட்டவில்லை. 2023 ஜனவரியிலேயே மூன்று வருடம் முடிந்துவிட்டது இல்லையா? போன ஜூலையில் கேஸ் போட்டிருப்பதாக மிரட்டுகிறார்கள்.

மதுரைக் குமாஸ்தா:

கொரோனாவை மறந்துவிட்டீர்கள் மஞ்சள்பை. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் காலவரம்பில் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு. அதைக் கழித்தால் உங்கள் கணக்கு 2024 டிசம்பர் கடைசி வரை நீளும். இந்த ஜூலையில்தான் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்றால் தாமதம் என்று வாதிடலாம், நடுவில் நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால். உண்மையிலேயே கேஸ் இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் என்ற கோர்ட் வழக்கு விவர ஆப்பில் மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். இனிஷியல் முன்னாலும் பின்னாலும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள், ஆங்கில எழுத்தில் பெயரை எப்படி அடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றி ஐயா, 500 கட்டவில்லை. வீட்டில் உட்கார்ந்து டெல்லி நோட்டீஸை வரி வரியாகப் படித்தேன். கார்டு நம்பரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் இருக்கிறது. கணக்கு ஸ்டேட்மென்ட் இணைக்கவில்லை. கீழே கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது, பேனா மை இல்லை. இன்னொரு விஷயம், ஆப் லோன் கம்பெனியும் மெயிலில் ஒன்று அனுப்பியிருப்பதை இன்றுதான் ஸ்பாமில் பார்த்தேன். அதில் 'ஆர்பிட்ரேஷன்', 'சோல் ஆர்பிட்ரேட்டர் நியமனம்' என்று இருக்கிறது, இந்த மாதம் 24-ம் தேதி வீடியோ லிங்க்கில் ஆஜராகச் சொல்கிறது. இதுவும் சும்மா மிரட்டலா?

ஏட்டுச்சுரை:

நான் சில வருடம் கலெக்‌ஷன் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்த்தவன். அந்த அச்சுக் கையெழுத்து நோட்டீஸ்கள் எக்செல் பட்டியலிலிருந்து கட்டுக்கட்டாகப் பிரின்ட் ஆகிறவை. பெயர், தொகை, நம்பர் மட்டும் மாறும். அதில் 'கிரிமினல்' என்று இருப்பது எல்லா நோட்டீஸிலும் இருக்கிற வரி. ஆனால் அந்தக் கட்டுக்குள்ளேயே உண்மையான செக் பவுன்ஸ் நோட்டீஸும் வரும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். '138' அல்லது '25' என்ற எண்ணைத் தேடுங்கள்.

மதுரைக் குமாஸ்தா:

ஏட்டுச்சுரை சொன்னது முக்கியம். லோன் வாங்கும்போது செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு. மாதத் தவணை ஆட்டோ டெபிட் பணம் இல்லாமல் திரும்பினால் 2007-ம் வருடச் சட்டம் ஒன்றின் 25-வது பிரிவு, விளைவு ஏறக்குறைய ஒன்றேதான். இது கிரிமினல் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை அல்லது தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் உங்களுக்கு, அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அவர்கள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அவர்கள் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால் டெல்லிக்கோ மும்பைக்கோ அலையும்படி ஆகலாம். அதனால் நோட்டீஸில் பவுன்ஸ் ஆன செக் நம்பர், தேதி, தொகை என்று குறிப்பாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் வக்கீலைப் பாருங்கள். உங்கள் டெல்லி நோட்டீஸில் அப்படி எதுவும் இல்லை என்றால் அது வெறும் பணம் கேட்கும் நோட்டீஸ்.

அதற்குப் பதில் போடுவது சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் போடுங்கள் என்பேன், சுருக்கமாக, வக்கீல் மூலமாக. 'உங்கள் இன்ன தேதியிட்ட நோட்டீஸ் கிடைத்தது. அதில் கோரியுள்ள தொகையை என் கட்சிக்காரர் மறுக்கிறார். மூல ஒப்பந்த நகல், ஆரம்பம் முதல் முழுக் கணக்கு ஸ்டேட்மென்ட், வட்டியும் அபராதமும் கணக்கிட்ட விதம், உங்களுக்கு வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்பவும். இந்தப் பதில் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது, காலவரம்பு உட்பட எல்லா உரிமைகளும் பாதகமின்றித் தக்கவைத்துக்கொள்ளப்படுகின்றன.' இவ்வளவு போதும். 'நான் கார்டே வாங்கவில்லை' என்று பொய் எழுதாதீர்கள், அது கோர்ட்டில் உங்களுக்கே எதிராக வரும். வேலை போன கதையையும் எழுத வேண்டாம், படிக்கிறவருக்கு அதில் தெரிவது கடன் ஒப்புதல் மட்டும்தான்.

ஆர்பிட்ரேஷன் மெயிலைச் சும்மா விடாதீர்கள். கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் விசாரித்து முடிவு சொல்வதுதான் அது. இப்போது கேஸ் போடுவதைவிட இதைத்தான் நிறையக் கம்பெனிகள் செய்கின்றன. நீங்கள் போகாவிட்டால் அவார்ட் (நடுவர் தீர்ப்பு) போட்டுவிடுவார்கள், அதை டிகிரி மாதிரியே நிறைவேற்றலாம். ஆனால் உங்கள் பக்கம் நல்ல வாதம் இருக்கிறது. வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனியாக நடுவரை நியமிப்பது செல்லாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் ஒருதரப்பு நியமனத்துக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. 'என் சம்மதம் இல்லாமல் உங்களை நியமித்திருக்கிறார்கள், ஆர்பிட்ரேஷன் சட்டம் 12(5) பிரிவின்படி நான் ஆட்சேபிக்கிறேன், தகராறு வந்த பிறகு இதற்கு எழுத்துமூலம் சம்மதம் தரவில்லை' என்று நடுவருக்கும் கம்பெனிக்கும் மெயில் அனுப்புங்கள், 24-ம் தேதி லிங்க்கில் போயும் அதையே சொல்லுங்கள். அவார்ட் வந்துவிட்டாலும் அதே சட்டத்தின் 34-வது பிரிவில் எதிர்க்க மூன்று மாதம் உண்டு, தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள், அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது.

கொங்குத் தமிழச்சி:

சம்மன் வந்துவிட்டால் எவ்வளவு நாள் என்பதையும் சொல்லிவிடுங்கள் ஐயா, எல்லோரும் 30 நாள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதுரைக் குமாஸ்தா:

ஆமாம், அதை விட்டுவிட்டேன். சாதாரண வழக்கென்றால் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய 30 நாள், கோர்ட் 90 நாள் வரை நீட்டலாம். ஆனால் சம்மனில் 'ஆர்டர் 37' அல்லது 'சுருக்க வழக்கு' என்று இருந்தால் 10 நாளில் ஆஜராகிவிட்டதாகப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு தீர்ப்புக்கான சம்மன் என்று இன்னொன்று வரும், அது வந்து 10 நாளில் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். அந்தப் பத்து நாளைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கோர 30 நாள்.

மஞ்சள்பை:

தோற்றே போனால் என்ன செய்வார்கள்? ஜப்தி என்றால் வீட்டுப் பாத்திரம்வரை எடுத்துப்போவார்களா? ஜெயிலா?

செந்நெல்:

என் சித்தப்பா கேஸில் வக்கீல் சொன்னதை எழுதுகிறேன். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் தொழில் கருவி, பிஎஃப் எதையும் ஜப்தி செய்யக் கூடாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. 25,000 சம்பளம் என்றால் 8,000 வரை பிடிக்கலாம், ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. உடல் உழைப்புத் தொழிலாளியின் கூலியை மொத்தமாகவே தொடக் கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது, நொய்யல்கரை அதில் வருவாரா என்று வக்கீலிடம் கேட்கட்டும். அப்பா சம்பாதித்த வீட்டை மகன் கடனுக்கு எடுக்க முடியாது. ஜெயில் விஷயத்தில் 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, கையில் வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாதவருக்குத்தான் சிவில் சிறை, இல்லாதவருக்கு இல்லை. பெண்களைப் பண டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது. ஆனால் ஒரு டிகிரியை 12 வருடம் வரை நிறைவேற்றலாம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

பல்லவபுரம்:

பேசி முடிப்பதானால் ஒரு வார்த்தை. கடனும் சம்பளமும் ஒரே வங்கியில் இருந்தால் வங்கி தானாகவே அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, அதனால் சம்பளக் கணக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செட்டில்மென்ட் பேசினால் தொகை, கடைசித் தேதி, அதோடு கணக்கு முடிந்தது என்ற வாக்கியம் மூன்றும் வங்கியின் அதிகாரபூர்வ மெயிலிலோ லெட்டர்பேடிலோ வந்த பிறகு கட்டுங்கள், ஏஜென்ட் நம்பருக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். நோ டியூ சர்டிஃபிகேட் வாங்குங்கள். சிபில் கடன் அறிக்கையில் 'செட்டில்ட்' என்று வரும், 'க்ளோஸ்ட்' என்று வராது, அடுத்த லோன் கேட்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். முழுத் தொகை முடியும் என்றால் அதுவே நல்லது என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் அம்மாவைப் பயமுறுத்துகிறவர்களுக்கு எதிராகப் புகார் கொடுக்கச் சொல்வேன். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). விவரம் கேட்க 14448.

கொங்குத் தமிழச்சி:

வக்கீல் ஃபீஸுக்கு யோசிக்கிறீர்கள் என்றால், நொய்யல்கரை, கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ம் வருடச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்கள், எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகளோடு தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார், அவர்களுக்கு இலவச வக்கீல். போன் 15100. லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம்) வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால் போய்ப் பேசலாம், ஆனால் அங்கே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது, அதனால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

நொய்யல்கரை:

இன்று மதியம் பர்மிஷன் போட்டுவிட்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். கம்பெனி ஐடியும் ஆதாரும் பார்த்துவிட்டு, பேனல் வக்கீல் ஒருவரைப் போடுவதாகவும் திங்கள்கிழமை எல்லாக் காகிதங்களோடும் வரும்படியும் சொன்னார்கள். டெல்லி நோட்டீஸில் 138, 25 இரண்டும் இல்லை. இ-கோர்ட்ஸில் திருப்பூரிலும் சென்னையிலும் என் பெயரில் எதுவும் இல்லை. ஆர்பிட்ரேட்டருக்கு ஆட்சேப மெயில் நேற்று இரவே அனுப்பிவிட்டேன், கம்பெனிக்கும் நகல் போட்டேன். ஆணைக்குழு அலுவலகத்தில் இருந்த அம்மா, நோட்டீஸ் வந்த கவர் எங்கே என்று முதலில் கேட்டார், தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறதாம். வீட்டில் என் அம்மா அதைப் பழைய பேப்பரோடு போட்டிருந்தார், நல்லவேளை இன்னும் எடைக்குப் போகவில்லை.

மதுரைக் குமாஸ்தா:

நல்லது தம்பி. அந்தக் கவரையும் நோட்டீஸையும் சேர்த்து ஸ்டேப்பிள் செய்து, கைக்கு வந்த தேதியை ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். 24-ம் தேதி லிங்க் திறக்கவில்லை என்றால் அந்த நேரத்துக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'முயன்றேன், இணைய முடியவில்லை, என் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது' என்று உடனே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். டிசம்பர் முடிந்துவிட்டதே என்று ஜனவரியில் இ-கோர்ட்ஸ் பார்ப்பதை நிறுத்தாதீர்கள், கடைசி வாரத்தில் தாக்கல் செய்த கேஸ் நம்பராகி ஏற நாள் பிடிக்கும்.